போனானாம்

சவுரிராயன், சாமியாருக்குப் படித்துக்கொண்டிருந்த புதுச்சேரி குருமடத்தை விட்டு ஏன் திரும்பி வந்தார் என்று கண்டமங்கலம் பக்கம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பூசைக்கு வைத்திருந்த திராட்சரசத்தை மொத்தமாகக் குடித்துவிட்டாராம். அதெல்லாம் இல்லை, ஒரு பிரெஞ்சுக்காரச் சாமியாரோடு லத்தீனிலேயே சண்டை போட்டாராம், பதில் சொல்ல முடியாத அந்தச் சாமியார் அடுத்த கப்பலில் ஊருக்கே போய்விட்டாராம். மாடு மேய்க்கிற ஒரு கிழவி என்னிடம் சொன்னது இதற்கெல்லாம் மேலே. குருமடத்துக் கிணற்றில் இருந்த பேய் ஒன்று தினமும் வந்து இவரிடம் கிரேக்கம் படித்ததாம். பாடம் முடிந்ததும் ஞானஸ்நானம் கொடு என்று உட்கார்ந்துகொண்டதாம். அதுதான் வம்பாகிவிட்டதாம்.

எனக்குப் பேய்க் கதைதான் பிடிக்கும். ஆனாலும் பாருங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு 'ஆம்' போட்டுவிட்டேன். வேறு யார் கதையாக இருந்தாலும் இவ்வளவு கவனம் இருக்காது. பேயே என்னிடம்தான் இங்கிலீஷ் படித்தது என்று எழுதியிருப்பேன். சவுரிராயன் கதையில் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேட்டதைக் கேட்டதாகவும்தான் எழுத வேண்டும். அந்த மனுஷருக்கு அந்த ஒரு எழுத்தால்தான் குடி கெட்டது.

நான் பார்த்தது இது. திண்டிவனம் ரயிலடிக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த நீளக் கூடம் ஒன்றில் ஒரு டுடோரியல் காலேஜ் நடந்தது. மழைக்காலத்தில் மாணவர்களைவிட ஒழுகல்கள் அதிகம். தனியாக பி.ஏ. எழுதுகிறவர்களுக்கு நான் இங்கிலீஷ் எடுத்தேன், சவுரிராயன் சரித்திரம் எடுத்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. அவருக்கு முப்பது வயசு இருக்கும். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. குருமடத்தை விட்டு வந்தாலும் அங்கியின் நினைப்புப் போகவில்லை.

அப்பா ராயப்பன் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும்போது பாம்பு கடித்துச் செத்தவர். அம்மாவுக்குக் கோயிலில் ரோசலி, வீட்டில் குப்பம்மாள். தம்பி பேர் பெரியசாமி. அதை வைத்து அவரை நான் சீண்டுவதுண்டு.

"ஏன் சார், அண்ணனைச் சாமியாருக்கு அனுப்பிட்டு, தம்பிக்குப் பெரியசாமின்னு பேர் வச்சிட்டாங்களே. நீங்க குருப்பட்டமே வாங்கியிருந்தாலும் வீட்டுல சின்ன சாமிதானே?"

"அவன்தான் டீச்சர் எங்க வீட்டுச் சாமி," என்பார். "அவன் கூலிக்குப் போய்த்தானே நான் லத்தீன் படிச்சேன்."

கல்லூரிப் பாடங்களைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்று அங்கங்கே ஆட்கள் கிளம்பிய சமயம் அது. மெட்ராஸில் ஒரு பதிப்பகத்தார், பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர்களைப் பற்றி வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் எழுதிய புத்தகத்தைத் தமிழாக்கித் தரச்சொல்லி இவரிடம் கொடுத்தார்கள். புத்தகம் வந்தால் நிரந்தர உத்தியோகம் ஏதாவது கிடைக்கும், அம்மாவைச் சேரியிலிருந்து கூட்டி வந்து திண்டிவனத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

அந்தப் புத்தகத்தில் எனக்குப் பிடித்தவர் முதலாவது கிரேக்கக் கிழவர். இரண்டாயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் கப்பலிலும் கழுதையிலும் ஊர் ஊராகப் போய், கோயில் பூசாரி, மாலுமி, சந்தை வியாபாரி என்று ஒருவரை விடாமல் வாயைக் கிளறியவர். எழுதியதற்கு 'விசாரணை' என்று அர்த்தம் வருகிற ஒரு சொல்லை வைத்தார். அந்தச் சொல்லுக்கு இன்றைக்குச் சரித்திரம் என்று அர்த்தம். நம் தேசத்துப் பாலைவனத்தில் நரியைவிடப் பெரிய எறும்புகள் பொன்மணலைத் தோண்டி வெளியே தள்ளுகின்றன என்று அவரிடம் யாரோ அளந்துவிட்டிருக்கிறார்கள். அதையும் எழுதி வைத்தார்.

"பொய்யர்னு ஒரு கட்சி இருக்கு டீச்சர்," என்றார் சவுரிராயன். "ஐரோப்பாவுல பெரிய பெரிய அறிஞருங்க. அந்த ஊருக்கெல்லாம் இந்த ஆளு போகவே இல்லைன்னு எழுதறாங்க. இன்னொரு கட்சி, கிழவர் நேர்மையானவர், எது பாத்தது எது கேட்டதுன்னு பிரிச்சே வச்சிருக்கார்னு சொல்லுது."

"நீங்க எந்தக் கட்சி?"

"ரெண்டாவது. ஏன்னா கிரேக்கத்துல வினைச்சொல்லையே வேற மாதிரி நிறுத்திடுவார். பாத்த உடனே தெரிஞ்சிடும், இது ஊரார் சொன்னது, இவர் சொந்தமா சொல்றது இல்லைன்னு. பக்கம் பக்கமா அப்படிப் போகும். இங்கிலீஷ்ல அதுக்கு வழியில்ல. வரிக்கு வரி 'சொல்கிறார்கள், சொல்கிறார்கள்'னு எவ்வளவு தடவை போடுவான்? விட்டுடறான். அப்புறம் படிக்கிறவன் கிழவரைப் பொய்யர்ங்கறான்." மேசையைத் தட்டினார். "தமிழ்ல இருக்கு டீச்சர்! எங்க அம்மா வாயில இருக்கு. எறும்பு பொன் தோண்டுச்சாம். ஆம்! ஒரே எழுத்து! உலகத்துப் பேராசிரியருங்க எல்லாம் நூறு வருஷமா அடிச்சிக்கினு கிடக்கிறதை எங்க அம்மா ஒரு எழுத்துல முடிச்சிடறாங்க."

அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துத் திண்டிவனம் ரயிலே ஒரு நிமிஷம் நின்றது. ரயில் எப்படியும் அங்கே நிற்கும் என்பது வேறு விஷயம்.

மாதிரிக்கு ஐந்து அத்தியாயம் அனுப்பினார். பதிப்பகத்தில் சரிபார்த்தவர் வித்துவான் விருத்தாசலம் என்று ஒருவர். 'ஆம்' வந்த இடமெல்லாம் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினார். கூட ஒரு குறிப்பும். இது கல்லூரி நூலா, நிலாச் சோற்றுக் கதையா? 'தோண்டியதாம்' என்ன தமிழ்? 'தோண்டியது' என்று எழுதுக. அதே புத்தகத்தில் இரண்டாவதாக வருகிற கிரேக்கரைப் போல எழுதப் பழகுக.

இரண்டாமவர் ஒரு பெரிய யுத்தத்தின் சரித்திரத்தை எழுதியவர். பலரையும் விசாரித்துச் சலித்துத்தான் எழுதினேன் என்று முன்னால் ஒருமுறை சொல்லிவிடுவார். அதற்கப்புறம் யார் சொன்னது என்று மூச்சு விடமாட்டார். நடந்தது இது, படி, அவ்வளவுதான். நாங்கள் பாடம் எடுத்த காலத்து அறிஞர்கள் பலர் அவரைத்தான் விஞ்ஞானி மாதிரி என்று தலையில் வைத்துக் கூத்தாடினார்கள்.

சவுரிராயன் ஒரு வாரம் சாப்பாடே சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் உத்தியோக ஆசை ஜெயித்தது. உட்கார்ந்து ஐந்து அத்தியாயத்தையும் திருத்தினார். 'ஆம்' தானாக வந்துவிடுகிறது என்று கையையே அதட்டுவார். மாசக்கணக்கில் பழக்கினார். 'இருந்தது, வந்தது, சென்றான்' என்று கல்வெட்டு மாதிரி எழுத வந்துவிட்டது. பேச்சில்கூட 'ஆம்' குறைந்துபோனது. "டீச்சர், ஹெட் கிளார்க் பொண்ணுக்குக் கல்யாணம்," என்பார். நான் பரிசு வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் அது யாரோ சொன்ன வதந்தியாக இருக்கும்.

தை மாசம் அறுவடை முடிந்திருந்த நேரம். பெரியசாமி, அவர்கள் ஊரின் பெரிய நிலக்காரர் அரங்கநாதனின் பம்புசெட்டில் குளித்துவிட்டான். சேரி ஆள் தொட்டியில் இறங்கலாமா என்று வாய்ச்சண்டை. அடுத்த நாள் பொழுது சாய்கிற வேளையில் அரங்கநாதனின் களத்தில் வைக்கோல் போரும் மல்லாட்டைக் கொடிப் போரும் பற்றி எரிந்தன. தீ வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. களத்துக் காவல்காரன் சுருட்டாம். இல்லை, அரங்கநாதனின் ஒன்றுவிட்ட பங்காளியாம். இரண்டுக்கும் 'ஆம்' போட்டாயிற்று.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சவுரிராயன் ஊரில்தான் இருந்தார். மறுநாள் காலையில் கிராம முன்சீப் ஆளனுப்பிக் குப்பம்மாளைக் கூப்பிட்டார். கூடவே இவரும் போனார். அங்கே நடந்ததை அவர் வாயால் நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

குப்பம்மாள் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். "நான் என்னாத்தங்க கண்டேன்? மாடு ஓட்டிக்கினு வந்தவங்க சொன்னாங்க, பெரியசாமி பீடி பத்த வச்சிக்கினு போர் பக்கமா போனானாம். நெருப்பு புடிச்சப்ப அவன் எங்கூட வூட்ல குந்திக்கினு கேப்பைக் கூழ் குடிச்சிக்கினு இருந்தான் சாமி. எங்கண்ணால பாத்தேன்."

"இதை எழுதிக் கொடுத்துடு," என்றார் முன்சீப். "எழுதறவன் இன்னைக்கு வரல. உம் மூத்த பையன்தான் பெரிய படிப்பாமே. எழுதட்டும்."

சவுரிராயன் எழுதினார். தம்பி கூழ் குடித்துக்கொண்டிருந்தான் என்பதை அழுத்திச் சொல்லிவிட்டால் அவன் தப்பித்தான் என்பது ஒன்றுதான் அவர் மனசில் இருந்தது. அதற்கு முந்தின வரியைப் பழகிய கையே எழுதிவிட்டது. 'என் இளைய மகன் பெரியசாமி பீடி பற்றவைத்துக்கொண்டு போர் இருந்த பக்கம் போனான்.'

போனான்.

வாசித்துக் காட்டினார். குப்பம்மாள் மகன் வாசிக்கிற அழகைப் பார்த்தாளே தவிர காது கொடுக்கவில்லை. கைநாட்டு வைத்தாள். முன்சீப் காகிதத்தை மடித்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதறே," என்றார். சவுரிராயனுக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்ததாம்.

சாயங்காலம் போலீஸ் வந்து பெரியசாமியை இழுத்துக்கொண்டு போனது. பெற்ற தாயே பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறாள், கூழ் குடித்தான் என்பதெல்லாம் பெற்ற பாசம், அப்புறம் என்ன என்று ஏட்டு சொன்னபோதுதான் இவருக்கு உறைத்தது.

செவ்வாய்க்கிழமை டுடோரியலுக்கு வந்தவர் வகுப்புக்குப் போகவில்லை. என் எதிரில் நின்று, "டீச்சர், ஒரு எழுத்தை விட்டுட்டேன்," என்றார். கரும்பலகையில் எழுத்துப்பிழையாக்கும் என்று நினைத்து நான் சிரித்தேன்.

விழுப்புரத்தில் முருகையன் என்று ஒரு வக்கீல். கோர்ட்டுக்கு எதிரே காப்பிக் கிளப்பு மாடியில் அவர் அறை. சவுரிராயன், சிவப்புப் பென்சில் அடித்த ஐந்து அத்தியாயத்தையும் மஞ்சள் பையில் தூக்கிக்கொண்டு வந்தார். துணைக்கு நானும் போனேன்.

"பாருங்க சார். இதோ இங்க 'ஆம்' இருந்துச்சு, அடிச்சிருக்காங்க. இங்க, இங்க. எங்கையைப் பழக்கிட்டாங்க. அந்தப் பழக்கத்துலதான் அம்மா சொன்ன 'ஆம்' விட்டுப்போச்சு. இதைக் கோர்ட்டுல காட்டினா போதாதா?"

முருகையன் ஒரு தாளை எடுத்துப் படித்தார். "எறும்பு பொன் தோண்டியது. நரியைவிடப் பெரிய எறும்பு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், இதை நான் மாஜிஸ்திரேட்டு முன்னாடி எடுத்து வச்சா உங்க தம்பிக்குத் தண்டனை ஆகறதுக்கு முன்னாடி என் வக்கீல் சன்னதைப் புடுங்கிடுவாங்க."

"அப்போ என்னதான் சார் வழி?" என்று கேட்டுக்கொண்டே சவுரிராயன் தாள்களைப் பையில் திணித்தார்.

"அம்மா கோர்ட்டுல வந்து, காதால கேட்டதுன்னு சொல்லட்டும். அது போதும். கேட்டதைக் கேட்ட மாதிரியே சொல்லச் சொல்லுங்க."

அதற்கப்புறம் விசாரணை நாள் வரைக்கும் ஞாயிறுதோறும் சவுரிராயன் ஊருக்குப் போய் அம்மாவைத் தயார் செய்தார். "யம்மா, நீ அன்னைக்கு எப்படிச் சொன்னியோ அப்படியே சொல்லு. 'போனானாம்'னு சொல்லு." குப்பம்மாளுக்கு எரிச்சல். "அதத்தானடா அன்னைக்கே சொன்னேன்?" என்பாள்.

கோர்ட்டில் நான் இருந்தேன். மாஜிஸ்திரேட்டு மலையாளக் கரைக்காரர், நல்ல மனுஷர், தமிழைப் புத்தகம் வைத்துக் கற்றவர். புத்தகத் தமிழில் 'ஆம்' என்றால் சம்மதம். கூண்டில் பெரியசாமி இளைத்துப்போய், தாடியோடு நின்றான். குப்பம்மாள் சாட்சிக் கூண்டில் ஏறி, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

போலீஸ் தரப்பு வக்கீல் கேட்டார். "உன் மகன் பெரியசாமி அன்னைக்குச் சாயங்காலம் பீடி பத்த வச்சிக்கினு போர் பக்கம் போனானா?"

"போனானாம்," என்றாள் குப்பம்மாள், சொல்லிக்கொடுத்தபடி, கணீரென்று.

மாஜிஸ்திரேட்டு நிமிர்ந்தார். "போனான். ஆம். அப்படித்தானே?"

"ஆமாங்க சாமி, போனானாம்."

அவர் இங்கிலீஷில் எழுதினார். ஆம், அவன் போனான். இரண்டு ஆமும் ஒன்றாகிவிட்டன. பக்கத்தில் சவுரிராயன் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்ததில் பெஞ்சே ஆடியது. இதில் நான் கூட்டிச் சொல்லவில்லை.

முருகையன் எழுந்தார். "யுவர் ஆனர், இந்த ஆம் அந்த ஆம் இல்லை."

"தமிழில் எத்தனை ஆம் உண்டு, மிஸ்டர் முருகையன்?"

கோர்ட்டு சிரித்தது. டவாலிகூடச் சிரித்தான். முருகையன் விடவில்லை, குப்பம்மாளிடம் திரும்பினார். "நீ கண்ணால பாத்தியாம்மா?"

"இல்லீங்க. நான் பாக்கலீங்க. சொன்னாங்க."

சவுரிராயனுக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். முருகையன் உட்கார்ந்தார். போலீஸ் வக்கீல் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு மெதுவாகக் கிட்டே போனார்.

"இதுல 'போனான்'னு இருக்கே. இதை யார் எழுதினது?"

"எம் மூத்த மகன்."

"நீ பாக்கலன்னு இப்போ சொல்றே. அப்போ பாத்த மாதிரி எழுதினது யார் தப்பு? உன் மூத்த மகன் பொய்யா எழுதினானா? நல்லா யோசிச்சுச் சொல்லு. பொய்யா வாக்குமூலம் எழுதறவனுக்கும் உள்ள இடம் இருக்கு."

முருகையன் ஆட்சேபம் என்று எழுவதற்குள் குப்பம்மாள் கூண்டிலிருந்த சின்ன மகனைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்த பெரிய மகனைப் பார்த்தாள். சவுரிராயன் தலையைத் தலையை ஆட்டினார். நான்தான் தப்பு என்று சொல்லு என்பது அதற்கு அர்த்தம். அவள் என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டாளோ.

"அவன் தப்பா எழுத மாட்டான் சாமி," என்றாள். "அவன் படிச்சவன். அவன் எழுதினா சரியாத்தான் இருக்கும்."

சவுரிராயன் எழுந்து கத்தினார். "நான் எழுதினது தப்புங்க! எங்கம்மா சொன்னது சரி! ஒரு எழுத்தை விட்டுட்டேங்க!" டவாலி அவரை வெளியே தள்ளிக்கொண்டு போனான். வராந்தாவில் நின்றுகொண்டு லத்தீனா கிரேக்கமா, எனக்குப் புரியாத ஏதோ பாஷையில் அழுதார். முருகையன் இவரைச் சாட்சியாக ஏற்றவும் பார்த்தார். தம்பிக்காக அண்ணன் சொல்கிறான் என்பதோடு அது முடிந்தது.

பெரியசாமிக்கு ஒரு வருஷம் கடுங்காவல். கடலூருக்கு அப்பீல் போனோம். எங்களுக்கு முன்னால் அந்த இங்கிலீஷ் வரி அங்கே போய் உட்கார்ந்திருந்தது.

குப்பம்மாள் அதற்கப்புறம் பேச்சை விட்டாள். முழுக்க விட்டாள் என்று சொல்ல முடியாது. உப்பு இருக்கிறதா என்றால் பானையைத் திறந்து பார்த்துவிட்டு இருக்கு என்பாள். பக்கத்து ஊரில் மழையா என்றால், தெரியாது என்பாள். அவள் வாயிலிருந்து யாரும் ஒரு 'ஆம்' கேட்கவில்லை. ஒருமுறை அவளைப் பார்க்கப் போனபோது நான், "குருமடத்துப் பேய் உம் மகன்கிட்ட கிரேக்கம் படிச்சுதாமே?" என்று சிரிக்கவைக்கப் பார்த்தேன். என்னைப் பார்த்தாள். "நீ கண்டியா?" என்றாள். மகன் வெளியே வருவதற்கு முன்பே, ஆவணியில், காய்ச்சலில் போய்விட்டாள்.

சவுரிராயன் அந்த ஐந்து அத்தியாயத்திலும் அடித்த 'ஆம்' ஒவ்வொன்றையும் மறுபடி எழுதி, மீதி அத்தியாயங்களையும் அப்படியே முடித்து மெட்ராஸுக்கு அனுப்பினார். கட்டைக்கூடப் பிரிக்காமல் திரும்பி வந்தது. அவர் கேட்கவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை. வகுப்பில் இரண்டாவது கிரேக்கர் வரும் இடத்தில் மட்டும் நின்றுவிடுவார். "இவர் யார்கிட்ட கேட்டார்னு கேளுங்கப்பா," என்பார். "யார் வேணாலும் கேளுங்க."

கடைசியில் நடந்தது நான் பார்க்காதது. சவுரிராயன் ஒரே ஒருமுறை சொன்னார், நானும் திருப்பிக் கேட்கவில்லை.

பெரியசாமி விடுதலையான அன்று இவர் புது வேட்டியும் துண்டும் எடுத்துக்கொண்டு கடலூர் ஜெயில் வாசலில் நின்றாராம். இரண்டு பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தார்களாம். அம்மா செத்த சேதி அவனுக்கு முன்னமே போயிருந்தது.

"ஒண்ணு கேக்கட்டாண்ணே?" என்றானாம். "கோர்ட்டுல மொதல்ல பாக்கலன்னுச்சு அம்மா. அப்புறம் நீ எழுதினது சரின்னுச்சு. அப்போ என்னைப் பாத்துச்சா? நான் அந்தப் பக்கமே போவலியே. வருஷம் பூரா ரோசனை பண்ணிக்கினு இருக்கேன். பெத்தவ வாயாலயே போனான்னு எதுக்குச் சொல்லிச்சு?"

சவுரிராயன் சொன்னாராம். "அம்மா பாக்கலடா. பாத்தேன்னு ஒருநாளும் சொல்லல. போனானாம்னுதான் சொன்னாங்க. நான்தான் போனான்னு எழுதினேன்."

"ஆம் போடலியா?"

"போடல."

அவன் டீயைக் குடிக்காமலே கிளாசைத் தள்ளி வைத்தானாம். அப்புறம் வேட்டி மடிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகப் பஸ் ஏறிவிட்டானாம். அண்ணனோடு அப்புறம் பேசினானா என்று கேட்காதீர்கள். அதைப் பற்றி எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, அதனால் 'ஆம்' போட்டுக்கூட எழுத வழியில்லை. கண்டமங்கலத்தில் இறங்கியவன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லையாம். மாதா கோயிலுக்குப் பின்னால், அம்மாவைப் புதைத்த தோட்டத்துக்கு, யாரையும் வழி கேட்காமல் நேரே போனானாம்.